குட்டியைக் கொடுத்த கரடி

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போய் ஒரு பத்திரம் கேட்டு வாங்குகிற அளவுக்குக்கூட அவளுக்கு இத்தாலியம் வராது. ஆனால் பனிக்கரடி எப்படிச் சினைப்படும், எங்கே குட்டி போடும், எவ்வளவு காலம் பால் கொடுக்கும் என்று கேட்டுவிட்டால் போதும், மூச்சு விடாமல் இத்தாலியத்தில் சொல்லுவாள். வேலை வீட்டில் பழகிய பாஷை அது. அவள் பார்த்துக்கொண்ட வயதான சிஞ்ஞோரா கட்டிலை விட்டு எழும்பமாட்டார். விடிந்தால் பொழுதுபட்டால் தொலைக்காட்சியில் மிருகங்களின் படம்தான். இவளும் பக்கத்துக் கதிரையில் இருந்து சூப் ஊட்டிக்கொண்டே பார்ப்பாள். எல்லா மிருகங்களிலும் சிஞ்ஞோராவுக்குப் பனிக்கரடியில்தான் விருப்பமாம். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவாராம். அதனால்தான் மின்சாரக் கட்டணத்தில் பிழை என்று ஒருவனுக்கு விளங்கப்படுத்தத் தெரியாதவளுக்கு, பெண்கரடிக்கு 'ஓர்சா' என்றும் அது பனிக்குள் தோண்டுகிற வளைக்கு 'தானா' என்றும் பெயர் தெரிந்திருந்தது.

பெயரைச் சொல்லமாட்டேன். பலேர்மோ நகரில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அவள் இங்கிலாந்துக்குப் போய்க் கனகாலம் ஆனாலும், பெயரைச் சொன்னால் நாளைக்கே செய்தி அங்கே போய்விடும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூப்பு. வாயால் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மனதுக்குள் எப்போதும் அவள்தான். இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்கு இதற்கெல்லாம் கோபம் வராது. கோபம் வருகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

பல்லரோ சந்தைக்கு மேலே, ஒரே மாடியில், எதிரும் புதிருமாக எங்கள் வீடுகள். கீழே மீன்காரன் கத்துவது இரண்டு குசினிக்கும் ஒரே அளவில் கேட்கும். அவளுடைய மனுசனுக்கு நேப்பிள்ஸ் போகிற கப்பலில் குசினி வேலை. வந்தால் வந்தார், போனால் போனார். என்னுடைய மனுசன் வழக்கறிஞர்களின் கந்தோர் ஒன்றைத் துப்புரவாக்குகிறவர். இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. சனம் எங்களைச் சேர்த்தேதான் கதைக்கும். ஒரு பிறந்தநாள், ஒரு சாமத்தியவீடு என்றால் எங்கள் இரண்டு பேரையும் வெங்காயம் வெட்ட அனுப்பிவிடுவார்கள். ஆலாத்தித் தட்டைப் பிடிக்கச் சொல்லி ஒருத்தியும் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் இருந்து வெங்காயம் வெட்டிய வரைக்கும் எனக்கு அது தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்களில் யாராவது, "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டால் நான் தலையைக் குனிந்து, "கடவுள் தரேக்கை தரட்டும்" என்பேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"இல்லை. ஆனால் வேணும். சரியான ஆசையா இருக்கு. உங்களிட்டை ஏதும் வழி இருந்தால் சொல்லுங்கோவன்."

கேட்டவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. அவளைப் பற்றி நான் சொல்ல நினைக்கிறது இந்த ஒன்றைத்தான். வேண்டும் என்றால் வேண்டும் என்பாள். ஆசைப்படுவதற்கு அவளுக்கு வெட்கமே இருந்ததில்லை. எனக்கோ பசித்தால்கூடப் பசிக்கிறது என்று சொல்ல வாய் வராது.

ஒருமுறை ஆஸ்பத்திரியில் டொத்தரம்மா அவளைப் பார்த்துவிட்டு, உடம்பில் பிடிப்பே இல்லை, இப்படி மெலிந்துபோய் ஓடி ஓடி வேலை செய்தால் மாதவிலக்கே ஒழுங்காக வராது, பிறகு எப்படிப் பிள்ளை தங்கும் என்று ஏசினாராம். மற்றவள் என்றால் அழுதுகொண்டு வந்திருப்பாள். இவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"எடியே, இது ஓர்சாவின்ரை கதையல்லோ!"

என் குசினியில் வந்து இருந்து விளக்கம் தொடங்கியது. பனிக்கரடிக்கு வசந்த காலத்தில் கரு உண்டாகுமாம். ஆனால் உடனே ஒட்டாதாம். மாதக்கணக்காய் அப்படியே உள்ளே காத்துக்கொண்டு கிடக்குமாம். தாய் போதுமான அளவு தின்று கொழுப்பு வைத்திருந்தால், மாரி தொடங்குகிற நேரம் அது கருப்பையில் ஒட்டி வளருமாம். தாய் மெலிந்துபோய் இருந்தால் கரு தங்காதாம்.

"கரு இருந்து பாக்குமடி, இவளை நம்பி வரலாமோ எண்டு. என்னை நம்பேல்லை, அவ்வளவுதான். இனிப் பார்."

அன்று தொடங்கினாள் சாப்பிட. கடலைமாவில் பொரித்த பனெல்லே வைத்த பாண், தோடம்பழப் பருமனில் பொரித்த சோற்றுருண்டையான அரஞ்சினா, காலையில் குளிர்களி திணித்த பணிஸ், எதையும் விடவில்லை. சந்தை நடுவில் நின்று, விரலை நக்கி, இன்னொன்று கேட்பாள். அதோடு விட்டாளா? மாட்டு மண்ணீரலை வெட்டிக் கொழுப்பில் வதக்கிப் பாணுக்குள் வைத்து விற்கிற வண்டிக்காரனிடம் போய் நின்றாள். நாங்கள் மாடு தின்னாத சனம். கோயிலுக்குப் பூ மாலை கட்டுகிற மனுசி அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வழியால் வரவேண்டுமா? "ஐயோ, பிள்ளை, உதென்ன வேலை!" என்று நெஞ்சில் கையை வைத்தார். இவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "என்ன அன்ரி, கரடி என்ன சைவமோ?" என்றாளே தவிர, பாணைக் கீழே வைக்கவில்லை. அன்றையிலிருந்து அவளுக்குக் கோயில் குசினியில் வெங்காயம் வெட்டுகிற வேலையும் போனது. நான் தனியே வெட்டினேன்.

நான் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தேன். வருசா வருசம் கந்தசஷ்டிக்கு விரதம். மிளகும் தண்ணியும்தான். வேலை வீட்டில் தரைதுடைக்கிற தடியைப் பிடித்துக்கொண்டு தலை சுற்றி நின்றிருக்கிறேன். எங்கள் முருகன் போதாதென்று, மலைமேல் குகைக்குள் இருக்கிற இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியா அம்மாவிடமும் வெறுங்காலோடு ஏறிப் போய் நேர்ந்திருந்தேன். அந்த முறை விரதத்தின் கடைசி நாள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன், எதிர்வீட்டு வாசலில் அவள் அரஞ்சினாவும் கையுமாக நிற்கிறாள்.

"நீ பட்டினி கிடந்து பிள்ளை கேக்கிறாய்," என்றாள். "வாறது எதைத் தின்னும்?"

"அவரவர்க்கு ஒரு நம்பிக்கை, அக்கா."

"கரடியும் பட்டினி கிடக்கும். வளைக்குள்ளை போனாப்போலை மாசக்கணக்கா ஒண்டும் தின்னாது. ஆனால் முதல் திண்டிட்டுத்தான் கிடக்கும். நீ முன்னுக்கே கிடக்கிறாய்."

கதவை அடித்துச் சாத்தினேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவளுடைய கன்னம் இரண்டும் ஊதி மினுங்கியதைக் கண்டது அந்தப் பசியைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

ஆனாலும் அவளோடு கோபித்துக்கொண்டு எத்தனை நாளைக்கு இருப்பது? பங்குனி வர முன்னம், சியாகுல்லித் தோட்டங்களின் மந்தரீன் பழங்கள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அவளே வந்தாள். குசினி மேசையில் இருந்து உரித்து உரித்துத் தின்றோம். அவளுக்குத்தான் பெரும் பங்கு.

"கரடி கூடுதலா ரெண்டு ரெண்டாத்தான் போடும்," என்றாள். "எனக்கும் ரெண்டு வந்தால் ஒண்டை நீ எடு. தாய் இல்லாத குட்டியை வேறை கரடியும் வளர்க்குமாம்."

"சும்மா இருங்கோ, அக்கா."

"மெய்யாத்தான். உனக்கும் வேணும்தானே? ஒருக்கா வாயைத் திறந்து வேணும் எண்டு சொல்லன், பாப்பம்."

நான் பழத்தோலைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். அவள் விடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணும்," என்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் இன்னொரு ஆளுக்கு முன்னால் சொன்னது அன்றைக்குத்தான். அவள் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "அப்ப சரி, ஒண்டு உனக்கு," என்று அடுத்த பழத்தை எடுத்தாள்.

ஊரில் அக்கா தங்கைக்குள் பிள்ளையைக் கொடுத்து வளர்ப்பது நடக்காத காரியமா? என் பெரியம்மா வீட்டிலேயே நடந்தது. அதனால் அந்தப் பேச்சு என் மனதில் பேச்சாக நிற்கவில்லை. சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் கழுவினேன். மனுசனிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்கி, "உமக்கு விசரே? ஆரும் பகிடிக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு," என்றார்.

கோடை தொடங்கியபோது அவள் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். சந்தையிலும் அவளைக் காணவில்லை. வேலையையும் விட்டுவிட்டாளாம். சரக்குத்தூள் வாங்கப் போன எங்கள் ஆட்களின் கடையில் கடைக்காரரின் மனைவிதான் சொன்னார்.

"உம்மடை முன்வீட்டுக்கு ரெட்டையாம். உமக்குச் சொல்லேல்லையோ?"

எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எரிந்தது. அவ்வளவு தின்றவளுக்கு இரண்டு. பட்டினி கிடந்தவளுக்கு ஒன்றுமில்லை. முருகனோடும் சண்டை, ரொசாலியாவோடும் சண்டை. ஆனால் எரிச்சலுக்கு நடுவில் இன்னொன்றும் ஓடியது: இரண்டு. இரண்டு என்றால் ஒன்று.

படியேறிப் போய் நேராக அவளுடைய கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் கொஞ்சமாகத் திறந்தாள்.

"இப்ப வராதை. பிள்ளையள் பிறந்தாப்போலை வா."

"ஏன்? என்ரை கண் பட்டிடும் எண்டோ?"

"ஓம்," என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் சீச்சீ, அப்படியெல்லாம் இல்லை, டொத்தர் படுக்கச் சொன்னவர் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நானும் சமாளிப்பை எடுத்துக்கொண்டு மரியாதையாகத் திரும்பியிருப்பேன். இவள் ஓம் என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்டு தாறன் எண்டனீங்கள்," என்றேன். கேட்க நினைத்துப் போகவில்லை. வந்துவிட்டது.

"அது அப்ப சொன்னது. அப்ப என்ரை வயித்திலை ஒண்டும் இருக்கேல்லை."

"தாய் இல்லாத குட்டியை வேறை கரடி வளர்க்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"வளர்க்கும். எப்பவாவது அப்பிடி நடக்குமாம். ஆனால் தன்ரை குட்டியைத் தூக்கிக் குடுத்த கரடியை நான் ஒரு படத்திலையும் காணேல்லை."

கதவைச் சாத்தினாள். கோடை, மழைக்காலம், அதன் பிறகும் அது திறக்கவில்லை. அவளுடைய மனுசன் கப்பலால் வந்தாலும் வாசலில் பையை வைத்துவிட்டு இரண்டு தரம் தட்டிக் காத்து நிற்பார். ஆண்கரடி கிட்ட வந்தால் குட்டிக்கு ஆபத்து என்பது அவளுடைய படிப்பு. பாவம் மனுசன், தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தார். நான் என் வாசலைக் கூட்டுகிற சாட்டில் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே அவள் இரண்டு உயிரோடு படுத்திருக்கிறாள் என்று நினைத்து, கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டுவேன்.

குளிர் காலத்தில் பிறந்தார்கள். இரண்டும் பெடியள், நாள் முந்திப் பிறந்த சின்னஞ் சிறுசுகள். பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு எல்லாரையும் கூப்பிட்டவள் என்னையும் கூப்பிட்டாள். துடக்குக் கழித்து, சாம்பிராணிப் புகையோடு வீடு முழுக்கப் பெண்கள். நான் உள்ளே போனதும் பூ மாலை மனுசி தொட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். ஒருத்தி குழந்தையின் முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடினாள். எனக்கு விளங்காதா? திரும்பிப் போகலாம் என்று காலை எடுத்தேன்.

"எங்கை போறாய்? இஞ்சை வா," என்றாள் பெற்றவள். தொட்டிலிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து என் கையில் வைத்தாள். இளையவன். ஒரு கையில் அடங்கினான்.

"இப்ப கண் படாதோ?" என்று நானும் விடாமல் கேட்டேன்.

"படட்டும். வெளியிலை வந்திட்டுதுகள், இனி நான் பாத்துக்கொள்ளுவன். வடிவாத் தூக்கு. ஆனால் தரமாட்டன், கேட்டியோ?"

அத்தனை பேருக்கும் முன்னால். சின்ன அறையைக் கழுவிக்கொண்டு நான் காத்திருந்த கதை அன்றைக்குப் பலேர்மோவில் எங்கள் சனம் முழுக்கத் தெரிந்துபோனது. முகம் கொதித்தது. ஆனாலும் பிள்ளையைக் கீழே வைக்க மனம் வரவில்லை, அவளாகவே வந்து வாங்கும் வரைக்கும் வைத்திருந்தேன்.

பிறகு என் காலம் எதிர்வீட்டுச் சத்தத்தில் போனது. அவள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பால் கொடுப்பாள், படிக்கட்டில் இருந்தும் கொடுப்பாள், சந்தையில் தக்காளி தெரிந்துகொண்டும் கொடுப்பாள். உடம்பில் இருந்ததெல்லாம் வடிந்து பழையபடி தடியாகிவிட்டாள். பெடியள் நடக்கத் தொடங்கியதும் சந்தைப் பெடியளிடம் கதை பழகி, "சித்தி, அம்முனீ!" என்று என் கதவைக் காலால் உதைப்பார்கள். வா போகலாம் என்று அர்த்தம். நான் திறப்பேன். ஒரு பிஸ்கட் கொடுப்பேன். அவள் அந்தப் பக்கம் நின்று, "போதும், வாங்கோ," என்பாள். இரண்டும் ஓடும். ஒவ்வொரு முறையும் ஓடும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

பெடியளுக்கு இரண்டரை வயதானபோது ஊரில் அவளுடைய ஐயா படுக்கையில் விழுந்தார். மூத்த மகளைத்தான் கேட்கிறாராம். பெடியளின் கடவுச்சீட்டு இன்னும் வரவில்லை. மனுசன் கப்பலில். பிள்ளை பெற்ற பெண்கள் பலர் தாங்கள் வைத்திருப்பதாகச் சொன்னார்களாம். அவள் என் குசினிக்கு வந்து, கதிரையில் இராமல், நின்றுகொண்டே சொன்னாள்.

"உன்னட்டைத்தான் விடப்போறன்."

"சனம் என்ன சொல்லுது?"

"உன்னட்டை விடவேண்டாமாம். உனக்கு எரிச்சலாம்."

"அப்ப ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"அதுக்காகத்தான் வந்தனான். எனக்குத் தெரியாதே உன்ரை எரிச்சல்? அவையள் எனக்காகப் பாப்பினம், பாவம் எண்டு பாப்பினம். நீ உனக்காகப் பாப்பாய். ஒரு தடிமன் வர விடமாட்டாய்."

"திருப்பித் தராட்டில்?"

"வந்து பறிப்பன்," என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பனிக்கரடி குட்டிகளை விட்டுவிட்டுப் போகிற வயதும் இதுதான் என்று, பயணத்தன்று பெட்டியோடு படியிறங்கும்போது முணுமுணுத்தாள். முதல் தடவையாக அந்தக் கரடியைத் திட்டினாள்.

வேலை வீட்டுக்கு எனக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களைப் பற்றி என்ன எழுத? குளிக்க வார்த்தேன், சோறு தீத்தினேன், துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கப்பல் காட்டினேன். யாராவது இத்தாலியக் கிழவி, "உன் பிள்ளைகளா?" என்று கேட்டால் ஓம் என்றேன். மூத்தவன் யன்னலடியை விட்டு நகரமாட்டான், அம்மா எப்போது வருவா என்று கேட்டுக்கொண்டேயிருப்பான். இளையவன் முதல் இரண்டு இரவு அழுதான். பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகப் பழகினான். அவள் தொலைபேசியில் முகம் காட்டி எடுக்கும்போதெல்லாம் மூத்தவனை முன்னால் விட்டு, "சின்னவன் நித்திரை, அக்கா," என்பேன். அவன் மேசைக்குக் கீழே என் காலில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருப்பான்.

ஐயா கண்ணை மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த கையோடு வந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம். வருகிற நேரத்தைச் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்கிறாள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. மூத்தவன் வீடே அதிரக் கத்திக்கொண்டு பாய்ந்து அவள் கழுத்தில் தொங்கினான். இளையவன் சோறு ஒட்டிய கையோடு என் சட்டையைப் பிடித்தான்.

அவள் வாசலிலேயே முழங்காலில் இருந்தாள். "வாங்கோ ராசா. அம்மா வந்திட்டன்."

அவன் தலையை ஆட்டினான். அவள் கையை நீட்டினாள். அவன் எனக்குப் பின்னால் போய், தூக்கச் சொல்லி இழுத்தான். தூக்கினேன். என் காதைப் பிடித்துக்கொண்டு முகத்தை என் தோளில் புதைத்தான். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். அவன் நிமிரவில்லை.

அப்போது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளில் அதை ஒருநாளும் கண்டதில்லை. மூத்தவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க, அவனைக்கூடப் பார்க்காமல், என் தோளில் கிடந்தவனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எடியே," என்றாள், "எனக்கு எரியுதடி."

"ஓம் அக்கா," என்றேன். "உப்பிடித்தான் எரியும்."

அவள் எழும்பிக் கிட்ட வந்து இரண்டு கையையும் நீட்டினாள். நான் பிள்ளையை இறக்கவில்லை.